அருவி இல்லாத மலை

என் அக்கா அம்சவள்ளிக்கு இருந்தது ஒரே ஆசை. கரியாலூர் அருவியைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். குடித்தனம் கச்சிராயபாளையத்தில், மலைக்குப் போகிற பஸ் தெருமுனையிலேயே நிற்கும். முப்பது வருஷமாக அவள் அதில் ஏறவில்லை. காரணம் அவள் புருஷன், தெய்வசிகாமணி மாமா. ஆலையில் எலக்ட்ரீஷியன். லீவு கிடைத்தால் போதும், சின்னசேலம் ஸ்டேஷனுக்கு ரயில் பார்க்க ஓடிவிடுவார். வீட்டுக்குள்ளும் பொம்மை ரயில், தண்டவாளம்! அக்கா கேட்டால், "அடுத்த வாரம் போவலாம்டி" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன ஆடியில் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. பிறகு மூச்சும் வாங்கத் தொடங்கியது. இந்த உடம்பு மலைப்பாதையைத் தாங்காது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மாமாவுக்கு உறைத்தது. கட்டிலிலேயே அவளுக்கு மலையைக் காட்டப்போகிறேன், அதில் ரயிலும் ஓடும் என்று உட்கார்ந்துவிட்டார்.

முதலில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் பொம்மை மலை செய்தார். தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

"இன்னா மாமா இது? இத மடியில வெச்சா அக்கா நசுங்கிடும்!" என்று கத்தினேன்.

மாமா தெர்மாகோல் வாங்கிவந்து மறுபடி மலை அறுத்தார். மேலே மைதாப் பசையில் பேப்பர் ஒட்டி, காயவைத்து, தண்ணீர் பெயிண்ட் அடித்தார். டீத்தூள் மண்ணாயிற்று, பச்சைச் சாயம் ஏற்றிய மரத்தூள் காடாயிற்று. அருவிப் பக்கம் மட்டும் பாக்கி.

அதற்குள் அக்கா கஞ்சியையும் நிறுத்திவிட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. கடைக்கு ஓடிப்போய் சீக்கிரம் காயும் ஸ்பிரே பெயிண்ட் வாங்கிவந்து, மாமா குளிக்கப் போன நேரத்தில் அந்தப் பக்கம் அடித்தேன். ஐயோ! ஸ்பிரேயில் இருந்த தின்னர் பட்டு தெர்மாகோல் பொரிந்து, உருகி, பள்ளமாக உள்ளே போய்விட்டது.

மாமா வந்து பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "தூக்குடா, இப்டியே வெக்கலாம்" என்றார்.

அக்காவின் மடியில் வைத்தோம். கனமே இல்லை. ரயில் மலையைச் சுற்றிச் சுற்றி ஓடியது. இடக்கை விரலால் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"அருவி எங்கங்க?" என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாமா என்னைப் பார்க்கவே இல்லை.

"அடுத்த வாரம் வெச்சிடறேன்டி" என்றார்.

அக்கா பாதி வாயால் சிரித்து, "சரிங்க" என்றாள்.

அந்த வாரம் வியாழக்கிழமையே போய்விட்டாள். முப்பது வருஷமாக அந்தச் சொல்லுக்காக மாமாவைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசித் தடவை அதை அவர் எனக்காகச் சொன்னார்.