சீர்வரிசையில் வந்த கேம் பெட்டி

திருத்தங்கலில் வந்து சண்முகக்கனி வீடு எது என்று கேட்டால் நாலு பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். "கேம் பெட்டி கனி" என்று கேட்டுப் பாருங்கள். பைக்கில் போகிறவர்கூட வண்டியை ஓரம் கட்டி வழி சொல்லிவிட்டுப் போவார். பட்டப்பெயர் வைக்கிற விஷயத்தில் அந்த ஊர்க்காரர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

பெயர் வந்தது கல்யாணத்தன்று. ராஜபாண்டியனைக் கட்டிக்கொண்டு அவள் ஏழாயிரம்பண்ணையிலிருந்து வந்து இறங்கியபோது, சீர்வரிசை வேனில் கட்டில், பீரோ, கிரைண்டர், குத்துவிளக்கு எல்லாம் முறைப்படி இருந்தன. கல்யாணப் பெண்ணின் மடியில் மட்டும் துண்டில் சுற்றிய ஒரு பெட்டி. நகைப்பெட்டி என்று நினைத்து மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள். துண்டைப் பிரித்தால் கறுப்பாக ஒரு ப்ளே ஸ்டேஷன் டூ, இரண்டு ஜாய்ஸ்டிக்குகளோடு!

"அடி ஆத்தீ! நகைன்னு பாத்தா, பொண்ணு வெளையாட்டுச் சாமானோட வந்து எறங்கிருக்கு!" என்று ஒருத்தி சொல்ல, அன்றைக்குச் சிரிக்க ஆரம்பித்த தெரு இன்னும் நிறுத்தவில்லை. கனியும் சேர்ந்து சிரித்தாள். வெட்கம் கிட்கமெல்லாம் அவளுக்குக் கிடையாது.

அந்தப் பெட்டியை அவள் வாங்கியது தம்பிக்காக. அப்போது ஒரு பட்டாசு கம்பெனியில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். தம்பி விக்னேஷ்குமார் பத்தாம் வகுப்பு. "நல்ல மார்க் எடு, வாங்கித் தாரேன்லே" என்று வாயைக் கொடுத்துவிட்டாள். பயலும் எடுத்துத் தொலைத்துவிட்டான். விருதுநகரில் ஒரு கேம் சென்டரை மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, தீபாவளி போனஸை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்து சேர்ந்தாள். அம்மா ஏசிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல.

தம்பிக்கு வாங்கியதுதான். ஆனால் நாள் முழுக்க லேபிள் ஒட்டிப் பழகிய விரல்கள் சும்மா இருக்குமா? சீக்கிரமே கார் ரேஸில் தம்பியை ஓட ஓட விரட்ட ஆரம்பித்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அவன் அவளை ஜெயித்ததில்லை. காலேஜுக்குக் கிளம்பும்போது, "நீயே வச்சுக்கோக்கா, போற எடத்துக்கும் கொண்டுட்டுப் போ" என்று விட்டுவிட்டுப் போனான். அவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

இப்போது கனி ஒரு காலண்டர் பிரஸ்ஸில் டின் அடிக்கிறாள். காலண்டர் தலையில் தகரப் பட்டையைப் பொருத்தி மெஷினில் அமுக்குகிற வேலை. புருஷன் மினி லாரியில் லோடு அடிக்கிறான். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போகின்றன. பெட்டியைச் செய்த கம்பெனிக்காரன் செய்வதையே நிறுத்தி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அதனால் இவளுக்கு என்ன? ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பைக் கொதிக்க விட்டுவிட்டு, சி.டி.யைப் போட்டு மூடியை அமுக்கினால் ஆட்டம் ரெடி. பாஸ்வேர்டு கேட்காது, நெட் கேட்காது, விளம்பரம் காட்டி உயிரை வாங்காது. பக்கத்து வீட்டுச் சின்னத்தாய்கூட வெங்காயம் உரித்த கையோடு வந்து ஒரு ரேஸ் ஓட்டிவிட்டுப் போவாள்.

எல்லாம் சரி, கனிக்கு இருந்த ஒரே கவலை தம்பிதான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவனுக்கு எல்லாமே அக்காதான். பெங்களூரில் கைநிறையச் சம்பளம். வயது முப்பதைத் தாண்டியாயிற்று. கல்யாணம் என்று வாயெடுத்தால் போதும், பிராஜெக்ட் என்பான், வெளிநாடு போகணும் என்பான், போனையே வைத்துவிடுவான். கல்லுளிமங்கன். காய்ச்சல் என்று படுத்தால் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆளில்லாமல் அவன் தனியாகக் கிடப்பதை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

போன புரட்டாசியில் ஒரு நாள் போனில் பிடித்தாள்.

"ஏலே, விருதுநகர்ல வத்தல் மண்டி வச்சிருக்காகள்லா, கனகசபாபதி அண்ணாச்சி? அவுக மக ரோஷினி. மருந்துக்குப் படிச்சிட்டு சொந்தமா மருந்துக்கடை நடத்துது. போட்டோ அனுப்பிருக்கேன், பாரு."

"வேண்டாம்க்கா."

"போட்டோவையாச்சும் பாருலே!"

"விட்டுரேன்க்கா."

கனிக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "அப்ப ஒரு பந்தயம். தீபாவளிக்கு மறுநாள் ரேஸ் விடுவோம். நான் ஜெயிச்சா மறுபேச்சு பேசாம நீ பொண்ணு பாக்க வரணும். நீ ஜெயிச்சா, இனிமே ஒங்கிட்ட கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டேன். அம்மா மேல சத்தியம்!"

அவன் யோசிக்கவே இல்லை. "சரிக்கா" என்றான்.

போனை வைத்த பிறகுதான் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. ஒரு தடவைகூட ஜெயிக்காத பயல், இவ்வளவு சுலபமாகச் சரி என்கிறான் என்றால் என்ன அர்த்தம்? பெங்களூரில் உட்கார்ந்து பழகி வைத்திருப்பான். அம்மா மேல் சத்தியம் வேறு பண்ணித் தொலைத்தாயிற்று.

அடுத்த வாரமே ஆயுத பூசை வந்தது. பிரஸ்ஸில் மெஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது எப்போதும் கனிதான். எந்த மெஷினுக்கும் அது வேலை செய்கிற இடம் பார்த்துப் பொட்டு வைக்க வேண்டும் என்பது அவள் கட்சி. வீட்டுக்கு வந்து மிக்சி, கிரைண்டர், புருஷனின் மினி லாரி எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டுக் கடைசியாகப் பெட்டியிடம் வந்தாள். மற்ற வருஷமென்றால் மூடிமேல் ஒரு பொட்டோடு விட்டுவிடுவாள். இந்த வருஷம் தம்பியின் வாழ்க்கையே அல்லவா அதன் கையில் இருக்கிறது! மூடியைத் திறந்தாள். உள்ளே சி.டி.யைப் படிக்கிற குட்டிக் கண்ணாடி, கண் மாதிரியே இருந்தது. "நீதான் தாயீ கண்ணு தெறந்து பாக்கணும்" என்று மனமுருகி வேண்டிக்கொண்டு, நல்ல குழைத்த சந்தனமாக எடுத்து அந்தக் கண்ணிலேயே ஒரு பொட்டு, அதன்மேல் குங்குமம். மூடி, துண்டைச் சுற்றி, பயபக்தியோடு பீரோவில் வைத்தாள். அதோடு காலண்டர் சீசன் பிடித்துக்கொண்டது. தீபாவளி வரைக்கும் பீரோவைத் திறக்கவே நேரமில்லை.

தீபாவளிக்கு மறுநாள் ஊரே ஓய்ந்து கிடந்தது. பிரஸ்ஸும் லீவு, லோடும் கிடையாது. தம்பி முதல் நாளே வந்துவிட்டான். மருமக்களுக்கென்று புத்தம் புதிய கேம் பெட்டி ஒன்றும் வாங்கி வந்திருந்தான். அது காலையிலேயே டி.வி.யில் மாட்டப்பட்டு, "அப்டேட்" என்று ஒரு கோட்டைக் காட்டிக்கொண்டு நின்றது. பிள்ளைகள் வெடி வெடித்துவிட்டு வந்து பார்த்தன. கோடு நகரவில்லை. இட்லி தின்றுவிட்டு வந்து பார்த்தன. ஊகூம். மத்தியானம் கறிச்சோறும் ஆயிற்று.

"மாப்ள, இது அடுத்த தீபாவளிக்குத் தயாராயிரும்லா?" என்றான் ராஜபாண்டியன்.

"சிக்னல் இல்ல மச்சான்" என்று விக்னேஷ்குமார் நெளிந்தான்.

"நகத்து அதை" என்று கனி எழுந்தாள். பீரோவிலிருந்து பழைய பெட்டி வந்தது. வயரை மாட்டி, சி.டி.யைப் போட்டு, மூடியை அமுக்கினாள். உள்ளே கிர்ர், கிர்ர் என்று முனகியது. சி.டி.யைப் படிக்க முடியவில்லை என்று திரை சொன்னது. இன்னொரு தடவை. அதே முனகல். கனிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

தம்பி மூடியைத் திறந்து பார்த்தான். கனி ஆயுத பூசையன்று வேண்டிக்கொண்டதைச் சொல்ல, அவன் தரையில் விழுந்து புரண்டு சிரித்தான். "கண்ணத் தெறந்து பாருன்னு சொல்லிட்டு, கண்ணுலயே சந்தனத்த அப்பி வச்சிருக்கியேக்கா!"

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. கனிக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. "போச்சு" என்று சுவரில் சாய்ந்துவிட்டாள். பந்தயம் இல்லை என்று அவன் எழுந்து போய்விட்டால் என்ன செய்வது? அடுத்த வருஷம் வரைக்கும் அந்தப் பெண் காத்துக்கொண்டா இருக்கும்?

ஆனால் அவன் எழுந்து போகவில்லை. "பிரஸ்ஸுல மெஷின் தொடைக்க ஸ்பிரிட் வச்சிருப்பாகள்லா மச்சான், கொஞ்சம் கெடைக்குமா?" என்று கேட்டான். ராஜபாண்டியன் பின் தெருவில் இருந்த மெஷின்மேன் சங்கரபாண்டியன் வீட்டுக்கு ஓடி ஒரு குப்பியில் கொஞ்சம் வாங்கி வந்தான். தம்பி பட்ஸை அதில் முக்கி, நாக்கைத் துருத்திக்கொண்டு, காய்ந்துபோன சந்தனத்தைத் தொட்டுத் தொட்டு எடுத்தான். கைக்குழந்தைக்குக் கண் பீளை எடுக்கிற பதனம். இவனுக்கு ஏன் இம்புட்டு அக்கறை என்று கனிக்குச் சந்தேகம். ஜெயித்து என் வாயை ஒரேயடியாக அடைக்கப் பார்க்கிறான் என்று தீர்மானித்துக்கொண்டாள்.

மூடியை அமுக்கினார்கள். கிர்ரென்று ஒரு சுற்று. அப்புறம் பளீரென்று படம் வந்தது! பிள்ளைகள் போட்ட கூச்சலில் சின்னத்தாய் ஓடி வந்தாள்.

டி.வி. குறுக்கே ஒரு கோடு. மேல் பாதி அக்காவுக்கு, கீழ்ப் பாதி தம்பிக்கு. இருவரும் பாயில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கனி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். முதல் சுற்றில் அவள் முன்னால். இரண்டாவது சுற்றில் அவன் ஒட்டிக்கொண்டே வந்தான். பயல் நிஜமாகவே பழகியிருக்கிறான்! கடைசிச் சுற்றில் பாலத்துக்குப் பக்கத்தில் அவளைத் தாண்டிப் போய்விட்டான். "ஐயோ சாமீ, ஐயோ சாமீ" என்று அவள் வாய் முனகியது. கடைசி வளைவு. எட்டிப் பிடிக்க வழியே இல்லை. அப்போதுதான் கீழ்ப் பாதியில் அவன் காரின் பின் விளக்கு இரண்டும் சிவப்பாக எரிந்தன. அவள் கார் சர்ரென்று தாண்டிப் போய்க் கோட்டைத் தொட்டது.

பிள்ளைகள் குதித்தன. ராஜபாண்டியன் விசிலடித்தான். சின்னத்தாய் குலவையே போட்டுவிட்டாள். கனி மட்டும் அசையவில்லை.

"ஏலே, பிரேக் அடிச்சியா?"

"இல்லக்கா... வழுக்கிருச்சு."

"பொய் சொல்லாத. லைட்டு எரிஞ்சத எங்கண்ணால பாத்தேன். எனக்கே விட்டுக் குடுக்கியோ? எந்திரிக்காத. இன்னொரு ரேஸ் போடு."

விக்னேஷ்குமார் ஜாய்ஸ்டிக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "இன்னொன்னு விட்டா நான் ஜெயிச்சுருவேன்க்கா. அப்புறம் சத்தியத்துக்கு என்ன பண்ணுவ?"

கனி அவன் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். காது மடல் சிவந்திருந்தது.

"போட்டோவப் பாத்தியாலே?"

"நீ அனுப்புன அன்னைக்கே பாத்துட்டேன்." குரல் உள்ளே போய்விட்டது. "இம்புட்டு வருசமா வேண்டாம் வேண்டாம்னுட்டு, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சரின்னு சொல்றது? நீ பந்தயம்னதும், தோத்துட்டு வந்துரலாம்னு இருந்தேன்."

ராஜபாண்டியன் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினான். அங்கேயிருந்து சிரிப்புச் சத்தம் வெடித்தது.

"அட கூறு கெட்ட பயலே!" கனி தம்பி முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "தோத்துப் போயி சம்மதிச்சா அது தண்டனைலே. நீ மனசோட சரின்னுட்ட. அப்புறம் பந்தயம் ஏது, சத்தியம் ஏது? வெள்ளிக்கெழமை விருதுநகர் போறோம். இப்ப ஒழுங்கா ஆடு. பிரேக்குல கைய வச்ச, வெரல ஒடிச்சுருவேன்."

மறுபடியும் கார்கள் கிளம்பின. அவன் இந்தத் தடவை ஈவிரக்கமில்லாமல் ஓட்டினான். கனியும் விடவில்லை. ஆனால் பாதி வழியிலேயே அவளுக்கு ரோடு கலங்கித் தெரிய ஆரம்பித்துவிட்டது. துடைக்கக் கை எடுத்தால் கார் முட்டும், எடுக்காவிட்டால் ஒன்றும் தெரியவில்லை. கீழ்ப் பாதிக் கார் முதலில் கோட்டைத் தொட்டது.

கனி ஜாய்ஸ்டிக்கைப் பாயில் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். தெருவில் வெடிக் குப்பையைக் கூட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஏ, எல்லாரும் கேட்டுக்கோங்க!" என்று இரண்டு கையையும் தூக்கிக் கத்தினாள். "நான் தோத்துட்டேன்! எந்தம்பிகிட்ட நான் தோத்துட்டேன்!"

தோற்றவள் ஏன் இப்படிச் சிரிக்கிறாள் என்று அவர்களுக்கு விளங்கவில்லை. ஆனாலும் சேர்ந்து சிரித்தார்கள்.