நைனா பாயின் ஞாயிறுச் செய்திகளுக்கு ஒரு திருத்தம்

எங்கள் கம்பெனிக்குள் கைபேசி கொண்டுபோக முடியாது. வாசலில் காவலாளியின் பொறுப்பில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. காலையில் அதில் போட்டால் மாலையில்தான் எடுப்போம். பட்டாசுத் தொழிற்சாலையில் போர்மேனாக இருக்கும் எனக்கும் அதே சட்டம்தான். ஆகையால் போன புதன்கிழமை காலை ஏழு மணிவாக்கில் நடந்தது, பதினொரு மணி வரை எனக்குத் தெரியாது. வெடிமருந்து அறைகள் இருக்கும் பக்கம் காவலாளி வரமாட்டார். அன்று வேப்பமரம் வரை வந்து நின்று கையைக் காட்டினார்.

"அண்ணாச்சி, ஒங்க போனு விடாம அடிச்சுக்கிட்டே கெடக்கு. எடுத்துப் பேசிட்டேன், தப்பா நெனைக்காதீக. நைனா பாயின்னு யாரோ, தவறிட்டாகளாம்."

யாரோ அல்ல. சிவகாசியில் காகித வியாபாரம் செய்துவந்த நைனா முகம்மது அவர்கள். எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள் கூட்டத்தைத் தொடங்கியவர், பதினோரு வருடங்களாக அதன் செய்திகளை எழுதிவந்தவர். வயது அறுபத்தொன்று. வார நாட்களில் தனியாக ஓட்டுவார்கள். அன்று விருதுநகர் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது மாரடைப்பு வந்து அப்படியே சாலையில் சாய்ந்துவிட்டார்கள். பால் வண்டிக்காரர் ஒருவர் பார்த்தபோது உயிர் இல்லை. பிற்பகல் அசர் தொழுகைக்குப் பின் அடக்கம் என்றார்கள். நான் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அவர்களை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன்.

எனக்குச் சர்க்கரை வந்தது நாற்பதாவது வயதில். நடக்கச் சொன்னார் மருத்துவர். நாள் முழுக்க ஷெட்டுக்கு ஷெட் நடக்கிறவனை இன்னும் நட என்றால் எரிச்சல்தானே வரும். சைக்கிள் வாங்கினேன். ஒரு ஞாயிறு காலை வெம்பக்கோட்டைச் சாலையில் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "சீட்டு ரொம்பக் கீள இருக்கு. கோளி அடைகாக்குற மாதிரி உக்காந்திருக்கீகளே, முட்டி தேஞ்சிரும்." இறங்கச் சொல்லி, திருகுச்சாவியை எடுத்து, ரோட்டோரமே என் சீட்டை உயர்த்திவிட்டுத்தான் பெயரே கேட்டார்கள். பெயரைச் சொன்னேன். வேலையையும் சொன்னேன். பெயர் அன்றோடு சரி, கடைசிவரைக்கும் நான் அவர்களுக்குப் போர்மேன்தான்.

கூட்டத்தில் அவர்கள் எப்போதும் கடைசி ஆள். ஓட்டத் தெரியாமல் அல்ல. எங்களில் பாதிப் பேரைவிட நன்றாகவே ஓட்டுவார்கள். ஆனால் எவருக்குப் பின்னாலும் ஒருவர் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்த முறை. சைக்கிள்காரர்கள் போடுகிற இறுக்கமான கால்சட்டையை மட்டும் அவர்களால் ஒப்புக்கொள்ளவே முடியவில்லை. அதை வாங்கி, அதற்கு மேலே முழங்கால் வரை ஒரு தொளதொளப்பு நிஜாரும் போட்டுக்கொண்டு வருவார்கள். கேலி செய்தால், "ஒங்களுக்குத்தான் மானம் போயிருச்சு, எனக்கு என்னத்துக்குப் போகணும்?" என்பார்கள்.

ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் வாட்ஸப்பில் செய்தி வந்துவிடும். ஐந்தாறு வரிதான். "இன்று ஏழு பேர். வெம்பக்கோட்டை அணை. போகும்போது எதிர்காற்று. நாரணாபுரம் விலக்கு அருகே புதிதாக ஒரு பள்ளம், இடப்பக்கம் ஒதுங்கவும். முப்பது வேகத்தில் வந்ததாக ஒருவர் சொன்னார். மீட்டர் இருபத்திரண்டு காட்டியது." அந்த ஒருவர் நான்தான். கொஞ்சம் கூட்டிப் போட்டால் என்ன பாய் என்று கேட்டேன். "செய்தில மசாலா போடக் கூடாது போர்மேன். வேணும்னா வீட்டுக்கு வாங்க, பிரியாணில போட்டுத் தாரோம்" என்றார்கள். நோன்பு மாதத்தில் அவர்கள் ஓட்ட வருவதில்லை. புறப்படும் இடத்துக்கு மட்டும் வந்து எங்களை வழியனுப்பிவிட்டுப் போவார்கள். அந்த மாதம் செய்திகளில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் 'கேள்வி', அதாவது பிறர் சொல்லிக் கேட்டது, என்று போட்டிருக்கும். கண்ணால் பார்க்காததைப் பார்த்ததுபோல் எழுதமாட்டார்கள்.

இனி சொல்ல வேண்டியதுதான் கஷ்டமானது.

எங்கள் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டால் யாரும் என்ன சத்தம் என்று கேட்பதில்லை. வானத்தைப் பார்ப்பார்கள், எந்தத் திசையில் புகை என்று. அதனால் பாய் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். மெலிந்த டயரில் காற்றை இறுக்கி அடித்து, வெயில் ஏறிய தார்ச்சாலையில் ஓட்டினால் சில சமயம் வெடித்துவிடும். பட்டாசு வெடித்த சத்தம்தான். எனவே திரும்பி வரும்போது, விஸ்வநத்தம் பக்கம் கம்பெனிகள் தொடங்குவதற்கு முன்னால் உள்ள டீக்கடையில் எல்லோரும் இறங்க வேண்டும். டீ குடிக்க வேண்டும். டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டுத்தான் ஏற வேண்டும். வண்டி கனமாக ஓடும், வேகம் குறையும். வெளியூர்ச் சைக்கிள்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். இங்கே யாரும் சிரித்ததில்லை.

மூன்று வருடங்களுக்கு முன், தீபாவளி சீசன். எங்கள் கம்பெனிக்கு ஞாயிறு விடுமுறை. ஆர்டர் நெருக்கியதால் சில கம்பெனிகள் அன்றும் ஓடிக்கொண்டிருந்தன. டீக்கடையில் எல்லோரும் காற்று இறக்கும் நேரத்தில் எனக்கு மேனேஜரிடமிருந்து போன் வந்தது, மறுநாள் லோடு விஷயமாக. பேசி முடிப்பதற்குள் மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். பாய் மட்டும் எனக்காக நின்றார்கள்.

"காத்த எறக்கிட்டீகளா?"

"எறக்கிட்டேன் பாய்" என்றேன்.

இறக்கவில்லை. முன்னால் போனவர்களைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரம். அதைவிட, நாள் முழுக்க மருந்தோடு புழங்குகிறவனுக்கு இவர் சொல்லித்தர வேண்டுமா என்ற கொழுப்பும் இருந்தது.

இரண்டு கிலோமீட்டர் போயிருப்பேன். ஒரு கம்பெனிச் சுற்றுச்சுவரை ஒட்டிப் போகும்போது பின் டயர் வெடித்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? வண்டியைக் கீழே போட்டுவிட்டு வானத்தைப் பார்த்தேன். என் டயர் வெடித்ததற்கு நானே புகை தேடினேன். அதற்குள் சுவருக்கு உள்ளே கூச்சல். ஷெட்டுகளிலிருந்து பெண்கள் ஓடி வருவது கம்பிக் கதவு வழியாகத் தெரிந்தது. சத்தம் கேட்டால் எதையும் எடுக்காமல் ஓடிவிடு என்று நாங்கள்தானே பழக்கியிருக்கிறோம். அப்படி ஓடியதில் மாரித்தாய் என்ற அம்மாள் வாசற்படி தடுக்கி, கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

பின்னால் வந்த பாய் ஒரே பார்வையில் புரிந்துகொண்டார்கள். கதவைத் திறந்துகொண்டு ஆட்கள் வருவதற்குள் என் சைக்கிளை நிமிர்த்தித் தன் கையில் பிடித்துக்கொண்டார்கள்.

"என் வண்டிய எடுத்துக்கிட்டுப் போங்க."

"பாய், நான்..."

"போங்கங்கேன்ல."

போனேன். பாயின் சைக்கிளில் ஏறி, திரும்பிப் பார்க்காமல் மிதித்தேன். நடந்தது அதுதான்.

அன்று மதியச் செய்தியில் இப்படி இருந்தது. "விஸ்வநத்தம் அருகே என் வண்டியின் பின் டயர் வெடித்தது. காற்று இறக்காதது என் தவறு. ஒரு அம்மாளுக்குக் கை முறிந்தது. கூட்டம் சார்பில் மன்னிப்புக் கேட்டேன்." பதினோரு வருடச் செய்திகளில் பொய்யான வரிகள் எனக்குத் தெரிந்து அந்த இரண்டுதான்.

மறுநாள் மாலை அவர்கள் கடைக்குப் போய் ஏன் பாய் என்று கேட்டேன். காகிதக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார்கள்: "போர்மேன் டயரே வெடிச்சதுன்னா, நாளைக்கு ஒங்க சொல்ல எந்தப் பொம்பளை மதிப்பா? அந்தச் சொல்லுல அம்புட்டுப் பேரு உசிரு இருக்கு. பேப்பர் வியாபாரி டயரு வெடிச்சா, வெடிச்சுட்டுப் போகுது." அந்தக் கம்பெனி அதன்பின் அவர்களிடம் காகிதம் வாங்கவில்லை. அதைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மாரித்தாயக்கா சும்மா விடவில்லை. அன்று கம்பெனி வாசலில் வைத்தே வலியிலும் கோபத்திலும், "ஒஞ் சைக்கிள்லயே போயி நடுரோட்டுல ஒத்தையாக் கெடப்பே. தூக்க நாதி இருக்காது" என்று மண்ணை வாரித் தூற்றியிருக்கிறார். பாய் தலைகுனிந்து நின்றார்களாம். அடுத்த ஞாயிறிலிருந்து திரும்பும் வழியில் கூட்டம் முழுவதும் அந்த அம்மாள் தெருவில் நிற்கும். பாய் வாசலில் நின்று, "கை எப்படி இருக்கும்மா?" என்று கேட்பார்கள். முதல் ஒரு மாதம் கதவு திறக்கவில்லை. பிறகு திறந்தது, பதில் வரவில்லை. கட்டுப் பிரித்த வாரம், "இருக்கு" என்று ஒரு சொல் வந்தது. தைப்பொங்கல் கழிந்து ஒரு ஞாயிறு, சொம்பில் தண்ணீர் வந்தது. அதன்பின் ஒவ்வொரு வாரமும் எல்லோரும் அங்கே தண்ணீர் குடித்தோம். நானும் குடித்தேன்.

புதன்கிழமை பாய் வீட்டுத் தெருவில் எங்கள் கூட்டத்து ஆட்கள் ஒரு ஓரமாக நின்றிருந்தோம். மாரித்தாயக்கா வந்தார். சரியாகக் கூடாமல் சற்றே வளைந்திருக்கும் அந்தக் கையால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் போகாமல் நின்றார். தெரிந்த முகம் என்று என்னிடம் வந்தார்.

"ரோட்டுல ஒத்தையாக் கெடந்தாகளாமே, நெசமா அண்ணாச்சி?"

"ஆமாக்கா."

"எம்வாயில வந்தது. அப்பிடியே நடந்துருச்சே. தண்ணி குடுத்தேன், பேசுனேன், சிரிச்சேன். ஆனா அன்னைக்குச் சொன்ன சொல்ல மட்டும் திரும்ப எடுத்துக்கிடலயே, பாவி நான். எம்வாயிதான் அவுகள முளுங்கிருச்சு."

நான் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதில், மாரடைப்பு அக்கா, மருத்துவரே சொல்லிவிட்டார் என்று ஏதோ சமாதானம் சொன்னேன். அவர் கேட்டதாகவே தெரியவில்லை. அடக்கம் முடியும் வரை தெருமுனையில் நின்று அழுதுகொண்டிருந்தார்.

நான்கு இரவுகள் யோசித்தேன். சொன்னால் தெரு அறியும், தெரு அறிந்தால் என் ஷெட் அறியும். போர்மேன் மூன்று வருடமாக இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்தான் என்று தெரிந்த பிறகு, நான் 'ஓடு' என்றால் ஓடுவார்களா என்ற பயம் பொய்யல்ல. பாய் சொன்ன காரணம் இன்றும் காரணம்தான். ஆனால் செய்யாத தப்புக்கு ஒரு மனுசனைச் சபித்துக் கொன்றுவிட்டதாக ஒரு பெண் மிச்ச வாழ்நாளெல்லாம் நினைத்துக்கொண்டிருப்பது, எந்தக் காரணத்துக்குள்ளும் அடங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாய் இல்லாமல் போனோம். எட்டுப் பேர். திரும்பும்போது மற்றவர்களைப் போகச் சொல்லிவிட்டு மாரித்தாயக்கா வீட்டு வாசலில் நின்றேன். தண்ணீர் கொண்டுவந்தார். வாங்காமல் சொன்னேன்.

"அக்கா, அன்னைக்கு வெடிச்சது பாய் டயரு இல்ல. என் டயரு."

அவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். காற்று இறக்கிவிட்டதாகப் பொய் சொன்னது, பாயின் சைக்கிளில் ஏறித் தப்பித்தது, எல்லாம் சொன்னேன்.

"நான் அந்தப் பேச்சுப் பேசும்போது அவுகளுக்குத் தெரியுமா, தன் மேல தப்பு இல்லன்னு?"

"தெரியும்க்கா. தெரிஞ்சுதான் நின்னாக."

சொம்பைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "மூணு வருசமா இந்த வாசல்ல நின்னு தண்ணி குடிச்சீகளே" என்றார். வேறு எதுவும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாயை அடக்கிய மையவாடிக்குக் கூட்டிப்போகச் சொன்னார். ஆட்டோவில் போனோம். அவர் உள்ளே வரவில்லை. அடக்கம் செய்த இடத்தில் புது மண் குவிந்திருந்தது வாசலிலிருந்தே தெரிந்தது. கைகூப்பி, யாரோ எதிரே நிற்பதுபோல் சத்தமாகவே சொன்னார்: "பாய், நான் சொன்ன சொல்லத் திரும்ப எடுத்துக்கிட்டேன்."

அன்று மதியம் வழக்கமான நேரத்துக்குச் செய்தி எழுதினேன். எட்டுப் பேர், காற்று, பள்ளம், பிறகு திருத்தம்: மூன்று வருடங்களுக்கு முன் விஸ்வநத்தம் அருகே வெடித்தது என் டயர், காற்று இறக்காதது என் தவறு. திங்கட்கிழமை காலை வேலை தொடங்கும் முன் என் ஷெட்டுப் பெண்களை நிற்கவைத்து அதையே வாயாலும் சொன்னேன். அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று இன்னும் தெரியவில்லை.

ஆனால் அன்று மையவாடி வாசலில் நடந்த இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். கிளம்பலாம் என்று நான் திரும்பியபோது மாரித்தாயக்கா நகரவில்லை.

"அவுககிட்டயாவது மன்னிப்புக் கேட்டிருக்கீகளா?"

யோசித்துப் பார்த்தேன். ஏன் செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறேன். மூன்று வருடத்தில் மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

"இல்லக்கா."

"உள்ள போயிக் கேட்டுட்டு வாங்க. நான் நிக்கேன்."

போனேன். கேட்டேன். பாய், போய் வாருங்கள்.