தபால் விமானி மாமாவிடம் கொடுத்த உறை

மாமாவின் இடது கையில் இரண்டு விரல்கள் கிடையாது. அப்பாவின் காரைக்கால் சிநேகிதர். பிரெஞ்சுக்காரன் காலத்தில் சைகோனிலிருந்து மலைத்தோட்டங்களுக்குத் தபால் விமானம் ஓட்டியவர். வானொலி கிடையாது, ஆற்றையும் தண்டவாளத்தையும் பார்த்துக்கொண்டே பறக்க வேண்டும். மேகம் இறங்கிவிட்டால் மலை எந்தப் பக்கம் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். அப்படி ஒரு மழையில் ரப்பர் தோட்டத்தில் விழுந்து விமானம் தீப்பிடித்தபோது, தப்பி வெளியே வந்தவர் தபால் பைக்காக மறுபடி உள்ளே போனார். விரல்கள் போனது அதில்தான். "பை மொதல்ல, உசுரு அப்புறம். அதான் எங்க சட்டம்" என்பார். அடேயப்பா, அதைக் கேட்டு எங்களுக்கு அலுத்ததே இல்லை.

சைகோன் கம்யூனிஸ்டுகள் கையில் விழுந்தபோது, தன் தம்பி கல்யாணத்துக்குக் காரைக்காலுக்குப் போயிருந்த அப்பா அங்கேயே மாட்டிக்கொண்டார். நானும் அம்மாவும் இங்கே, சைகோனில். எங்களை அழைத்துக்கொள்ள அவர் மனுப் போட வேண்டுமானால் கல்யாணச் சான்றும் என் ஞானஸ்நானச் சான்றும் அவர் கைக்குப் போக வேண்டும். பிரெஞ்சுக் குடிமக்களைப் பிரான்சுக்கு ஏற்றிப்போன விமானத்தில் மாமாவுக்கு இடம் கிடைத்தது. தபாலை நம்ப முடியாத நேரம். அங்கே போய் அப்பாவுக்கு அனுப்பச் சொல்லி, சான்றுகளை வைத்து ஒட்டிய உறையை அம்மா அவரிடமே கொடுத்தாள். "நான் எந்தத் தபாலையும் வுட்டுட்டு வந்தவன் இல்ல தங்கச்சி" என்று வாங்கிக்கொண்டார்.

பல மாதம் கழித்து அப்பாவின் கடிதம் வந்தது. காகிதம் எதுவும் வந்து சேரவில்லையே என்று கேட்டிருந்தார். அம்மாவுக்கு ஆங்காரம் வந்துவிட்டது. "அண்ணன் நெருப்புக்குள்ள போயி பையத் தூக்குனவரு. அவரா அனுப்பாம இருப்பாரு? ஒங்கப்பனுக்குத்தான் நம்மளக் கூப்புட மனசில்ல" என்றாள். அங்கே யாரையோ சேர்த்துக்கொண்டுதான் பொய் சொல்கிறீர்கள் என்று பதிலும் எழுதினாள். அதைத் தபாலில் போட்டது நான். நானும் மாமாவைத்தான் நம்பினேன்.

அடுத்த மழைக்காலத்தில், சைகோனின் சீனப் பேட்டையான சோலோனில் மாமா இருந்த வீட்டுக்குக் குடிவந்த வியட்நாமியப் பெண், உறையின் பின்புறம் அம்மா எழுதியிருந்த எங்கள் முகவரியைப் பார்த்து எங்களைத் தேடி வந்தாள். அலமாரியின் பின்பலகையில் செருகி வைத்திருந்ததாம். ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. விமான நிலையத்தில் பெட்டியைக் கிளறிக் காகிதங்களைப் பிடுங்குகிறார்கள் என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு. பயந்திருக்கிறார், பாவி மனுஷர். அன்றைக்குப் பயப்படாதவர் யார்? "வேணாம் தங்கச்சி, பயமா இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாங்கள் வேறு வழி பார்த்திருப்போமே! எனக்கு இன்றுவரை அவரை மன்னிக்க மனம் வரவில்லை.

அம்மா மன்னிப்புக் கேட்டு எழுதி, அந்த உறையையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். அப்பா கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்ட அத்தாட்சிச் சீட்டு ஒழுங்காகத் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை.