கண்ணாடியில் பாசி

எழுபதுகளில் சித்தூரில் எங்கள் பக்கத்து வீட்டில், ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் தனியாக இருந்தார். ஒல்லியான உருவம், வெளுத்த வெள்ளைப் புடவை. அவரிடம் செடிகள் வளர்ந்த மீன்தொட்டி ஒன்று இருந்தது. தினமும் காலையில் அதன் கண்ணாடியில் படிந்த பாசியைப் பழைய பிளேடால் சுரண்டி, இலைகளை விரலால் துடைத்து, கொஞ்சம் தண்ணீர் மாற்றுவார்.

வெயில் படுவதால்தான் பாசி வருகிறது என்று சொல்லி, ஒருநாள் நானே அவர் ஜன்னலுக்குக் கெட்டித் துணி கட்டினேன். சில வாரங்களில் கண்ணாடி தெளிந்தது. அடுத்த மாதம் போனபோது ஜன்னலில் துணி இல்லை. பாசி மறுபடி படர்ந்திருந்தது.

"ஏன் சிஸ்டர் அவுத்துட்டீங்க?" என்றேன்.

"வெயில்லதான் வருதுன்னு எனக்கும் தெரியும்பா. பாசி இல்லாட்டி காலையில எழுந்து நான் இன்னா பண்ணிக்கினு இருப்பேன்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வாளியை எடுத்துக்கொண்டு அவருக்குத் தண்ணீர் பிடித்துவரப் போனேன்.