பனங்காணி முகாமின் பிலோமினா அக்கா

கடையில் தண்ணீர்ப் பம்பொன்றைக் கழற்றி வைத்துக்கொண்டு இருந்தபோது கைபேசி அடித்தது. அரிப்பு ஊரிலிருந்து ஜெனிற்றா.

"மாமா, பெரியம்மா காலமை போயிட்டா. தேத்தண்ணி கேட்டவ. நான் ஊத்திக்கொண்டு வாறதுக்கிடையில எல்லாம் முடிஞ்சுது."

ஜெனிற்றா, பிலோமினா அக்கா வளர்த்த பிள்ளை. அவள் எப்படி அக்காவின் கைக்கு வந்தாள் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அந்த நேரத்தில் எனக்குத் துக்கத்துக்கு முன்னால் ஒரு நிம்மதிதான் வந்தது. எத்தனையோ பேரின் சாவை மடியில் வைத்துப் பார்த்த மனிசி, தன் சொந்தக் கட்டிலில், ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்குக் காத்திருந்து போயிருக்கிறார்.

அடக்கப் பூசையில் சுவாமியார் நல்லவிதமாகப் பேசினார். பொறுமையும் சாந்தமும் நிறைந்த தாய் என்றார். பாவம், அவர் இளம் குருவானவர், புதிதாக இந்தப் பங்குக்கு வந்தவர். இடம்பெயர்ந்து அவரோடு முகாமில் இருந்த நாங்கள் ஆளையாள் பார்த்துக்கொண்டோம். அக்காவை அறிந்த எவருக்கும் தெரியும், அவர் சாந்தமானவர் இல்லை. சாந்தமானவர்கள் யாரும் அந்த முகாமை நடத்தியிருக்க முடியாது. அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

அரிப்பில் அவருக்கு ஒரு கருவாட்டு வாடி, மீன் காயப்போடும் கொட்டில், இருந்தது. கணவர் கடலில் துப்பாக்கிச் சூடுபட்டு இறந்தவர். பிள்ளைகள் இல்லை. சண்டை கரையோரமாக ஏறி வந்தபோது அரிப்பு, முள்ளிக்குளம் பக்கத்துச் சனம் எல்லாம் வடக்கே ஓடியது. இலுப்பைக்கடவைக்கு இப்பால், தெருவோரத்துப் பனங்காணி ஒன்றில் தறப்பாள் கட்டி இருந்தோம். வயல் ஊர்களிலிருந்து வந்த குடும்பங்களும் அங்கேயே வந்து சேர்ந்தன. உதவி நிறுவனத்துக்காரர் முகாமுக்குப் பொறுப்பாக ஓர் ஆள் வேண்டும் என்றபோது ஆண்கள் இருவர் அடுத்தடுத்து ஏற்றார்கள், அடுத்தடுத்து விட்டுவிட்டும் போனார்கள். மூன்றாவதாக அக்கா ஏற்றார். அரிசி, பருப்பு, தறப்பாள், மருத்துவக் கொட்டில், பள்ளிக்கூடக் கொட்டில், கக்கூசு எல்லாம் அவர் பொறுப்பு. நான் பவுசர் வண்டியில் தண்ணீர் கொண்டுவருகிறவன். ஆகவே நாள்தோறும் அவரிடம் பேச்சு வாங்குகிறவனும் நான்தான்.

தண்ணீரிலிருந்தே தொடங்குகிறேன். கடும் வெயில் காலம். பவுசர் ஒருநாள் வரும், ஒருநாள் மறிபடும். ஒருநாள் தண்ணீர்த் தாங்கியடியில் கடற்கரைச் சனத்துக்கும் வயற்சனத்துக்கும் வாய்த்தர்க்கம் முற்றிக் கைகலப்பாயிற்று. முள்ளிக்குளத்துப் பெடியன் ஒருவனின் மண்டை இரும்பு வாளியால் பிளந்தது. மற்றப் பக்கத்திலும் ஒருவருக்குக் காது கிழிந்து தொங்கியது. மீன் வெட்டும் கத்தியோடு ஒருவர் ஓடிவந்தார், மண்வெட்டியோடு இன்னொருவர். விலக்கப் போன என்னையும் யாரோ நிலத்தில் போட்டு மிதித்தார்கள்.

அக்கா களஞ்சியத்திலிருந்து வந்தார். யாரையும் கும்பிடவில்லை, கெஞ்சவில்லை. சனத்தை இடித்துக்கொண்டு உள்ளே போனார். யாருடைய முழங்கையோ பட்டு உதடு வெடித்து இரத்தம் நாடிவரை வழிந்தது. நேரே தாங்கியடிக்குப் போய், அடியில் இருந்த குழாயின் மூடியைத் திருகிக் கழற்றி எறிந்தார். தண்ணீர் குபுகுபுவென்று மணலில் பாய்ந்தது.

"அக்கா, என்ன செய்யிறியள்!" என்று நான் கத்தினேன்.

அவர் குழாய்க்கு முன்னால் குறுக்கே நின்றார். "இந்தத் தண்ணிக்குத்தானே வெட்டுப்படுறியள்? இப்ப தண்ணி இல்லை. இனி எதுக்கு வெட்டப் போறியள்? வெட்டுங்கோ, பாப்பம்!"

சண்டை நின்றுவிட்டது. கத்தி வைத்திருந்தவரின் கால்களைச் சுற்றிச் சேறு. பெண்கள் மண்ணை அள்ளி வீசி அவரைத் திட்டினார்கள். அன்றைக்கு மறுபடி பவுசர் வரவில்லை, தெரு மூடப்பட்டிருந்தது. பின்னேரம் ஒரு கைக்குழந்தை வாய் வறண்டு மயங்கியது. அக்கா அதைத் தோளில் போட்டுக்கொண்டு மருத்துவக் கொட்டிலுக்கு ஓடினார். குழந்தையின் தாய் பின்னாலேயே ஓடி, அவருடைய முதுகில் குத்திக் குத்திக்கொண்டே போனாள். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை, ஓட்டத்தை நிறுத்தவும் இல்லை. குழந்தை தப்பியது.

அவர் செய்தது சரியா பிழையா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் அடுத்த நாள் பவுசர் வந்தபோது, கடற்கரைச் சனத்தின் வாளியை வயற்சனமும், வயற்சனத்தின் வாளியைக் கடற்கரைச் சனமும் நிரப்ப வேண்டும் என்று அவர் போட்ட சட்டத்தை யாரும் எதிர்க்கவில்லை. தாங்கியடியில் அதற்குப் பிறகு இரத்தம் சிந்தவில்லை.

இனிச் சூசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சூசை நல்ல கடற்றொழிலாளி. இடம்பெயரும்போது அவருடைய வள்ளம் கண்ணுக்கு முன்னால் எரிந்தது. முகாமுக்கு வந்தபின் செய்ய வேலை இல்லை, கசிப்பு மட்டும் எப்படியோ கிடைத்தது. குடித்துவிட்டு மனைவி றீற்றாவை அடிப்பார். தறப்பாள் கொட்டிலுக்குச் சுவர் கிடையாது. ஒரு வீட்டில் விழும் அடி முகாம் முழுவதற்கும் கேட்கும். எல்லோரும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தோம்.

ஒரு காலையில் றீற்றாவின் ஒரு கண் முழுதாக மூடிவிட்டது. அக்கா அவளையும் அவளுடைய சின்னப் பிள்ளையையும் கூட்டிப் போய்க் களஞ்சியத்துக்குள், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் இருத்தினார். அந்தப் பிள்ளைதான் ஜெனிற்றா. மத்தியானம் சூசை கோடாலியோடு வந்தார்.

அக்கா வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். "சூசை, கோடாலியைக் கீழ வை."

"என்ர பெண்சாதியை வெளியில விடு."

"விடமாட்டன்."

கோடாலியின் பின்பக்கத்தால் அவர் ஓங்கி அடித்த அடி அக்காவின் தோளில் இறங்கியது. காரை எலும்பு முறிந்த சத்தம் சமையல் கொட்டிலில் நின்ற எனக்குக் கேட்டது, காய்ந்த மட்டை முறிவதைப் போல. அக்கா கதிரையோடு சரிந்தார். சரிந்தவர் எழும்பவில்லை, விலகவும் இல்லை. வாசலுக்குக் குறுக்கே அப்படியே நீட்டிப் படுத்துக்கொண்டார்.

"வெட்டு. உள்ளுக்கு போறதெண்டா என்னைத் துண்டுதுண்டா வெட்டிப்போட்டுத்தான் போக வேணும். உனக்கு அவ்வளவு நேரம் காணாது, பார், ஆக்கள் வருகினம்."

ஆட்கள் வந்தோம். இத்தனை நாள் கேட்டுக்கொண்டு படுத்திருந்த வெட்கமோ என்னவோ, எல்லோரும் சேர்ந்து சூசையை அடித்த அடி சாதாரண அடி இல்லை. வாயிலும் மூக்கிலும் இரத்தம் வந்த பிறகும் உதைத்தார்கள். முறிந்த தோளைப் பிடித்துக்கொண்டு அக்கா கத்திய கத்தல்தான் அவரைக் காப்பாற்றியது.

"காணும், விடுங்கோ! கொல்லுறதுக்கோ வந்தனீங்கள்? அவனும் இந்த முகாம் ஆள்தான். நாளைக்கு அவனுக்குச் சோறு போடுறதும் நான்தான்."

சொன்னபடி போட்டார், ஒரு கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டுக்கொண்டு மறு கையில் அகப்பையோடு. சூசையை முகாமின் மற்ற மூலைக்கு மாற்றினார். சாப்பாட்டு வரிசையில் அவரும் றீற்றாவும் முட்டிக்கொள்ளாதிருக்க ஓர் ஒழுங்கும் செய்தார். சூசை முதலில் வந்து வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும். "நீ அவசரப்படாத, றீற்றா. அவன் போனாப் பிறகு வா. கடைசியில நில்," என்று அவர் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன். நல்ல ஒழுங்கென்றுதான் எனக்கும் பட்டது.

இடையில் துவக்கு ஏந்திய ஆட்களும் வந்தார்கள், இளம் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போக. யார் என்று நான் இங்கே எழுதவில்லை. அக்காவும் கடைசிவரை சொன்னதில்லை. பிள்ளைகள் எங்கே என்று கேட்டார்கள். "எனக்குத் தெரியாது" என்றார். துவக்கின் பின்பக்கத்தால் வாயில் இடித்தார்கள். மறுபடி கேட்டார்கள், மறுபடி தெரியாது என்றார். பல் இரண்டு மணலில் விழுந்தது. அவர்கள் போன பிறகு, காய்ந்த பள்ளமொன்றுக்குள் பனை மட்டையால் மூடிவைத்திருந்த பெட்டைகளையும் பெடியன்களையும் வெளியே எடுத்தோம். அக்கா வாய்க்குள் துணியை அடைத்துக்கொண்டு அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்.

ஷெல் விழுந்த நாளை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அதை எழுதாவிட்டால் அவரைப் பற்றி எதுவும் எழுதாததற்குச் சமம்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். சோறும் பருப்பும். சூசை வாங்கிப் போய்விட்டார். வரிசை பனைகளுக்கிடையே வளைந்து தெருவரை நீண்டிருந்தது. முதலாவது கடலில் விழுந்தது. இரண்டாவது காணி எல்லையில் ஒரு பனையின் தலையைக் கொய்தது. படுங்கோ, படுங்கோ என்று அக்கா கத்தினார். சனம் படுப்பதற்குள் மூன்றாவது வரிசையின் கடைசியில் விழுந்தது.

எனக்குக் காது அடைத்துவிட்டது. புழுதிக்குள் ஓலைகள் சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தன. பிறகு பார்த்தேன். கோப்பைகள் சிதறிக் கிடந்தன. கோப்பையைப் பிடித்தபடியே ஒரு கை தனியாகக் கிடந்தது. பனை மரமொன்றில் ஆள் உயரத்துக்குச் சதை ஒட்டியிருந்தது. அக்கா அகப்பையைக் கீழே போடாமலே, என்னைத் தாண்டித் தெருப்பக்கம் ஓடினார்.

றீற்றாவுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஆனாலும் நினைவிருந்தது. "பிள்ளை?" என்று கேட்டாள்.

"களஞ்சியத்துக்குள்ள நிக்கிறாள். அவளுக்கு ஒண்டுமில்லை. நான் பாப்பன்," என்றார் அக்கா. அவளுடைய தலையைத் தூக்கி மடியில் வைத்து, முகத்தில் இருந்த மண்ணைத் தன் சேலையால் துடைத்தார். துடைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் போய்விட்டாள்.

சூசை ஓடிவந்தார். அழவில்லை. மனைவியைத் தறப்பாளில் சுற்றினார். மண்வெட்டியை நீட்டியபோது வாங்காமல், பனையடி மண்ணை வெறும் கையால் தோண்டினார். நகங்கள் பிய்ந்து இரத்தம் வந்தது. யாரும் தடுக்கவில்லை. செத்தவர்கள் எல்லோரையும் அன்றே அங்கேயே புதைத்தோம்.

அது முடிந்ததும் சூசை அக்காவிடம் வந்தார். பிள்ளையைக் கேட்கப் போகிறார் என்று பயந்து நான் எழும்பினேன்.

"அக்கா, பிள்ளையை நீங்களே வைச்சிருங்கோ," என்றார். "என்ர கையை எனக்கே நம்பேலாது."

அடுத்த இடப்பெயர்வில் அவர் எங்களோடு வரவில்லை. எங்கே போனார், என்ன ஆனார் என்று யாருக்கும் தெரியாது.

புதைத்த அன்று பின்னேரமே அக்கா அடுப்பை மறுபடி மூட்டினார். பொறுக்காமல் ஒருவர் ஏசினார்: "இந்த மண்ணில இரத்தம் காயேல்லை. இதில சமைச்சு ஆரக்கா திண்ணுறது?"

"உயிரோட இருக்கிறதுகள் திண்ணட்டும்," என்றார் அக்கா. "பட்டினியில செத்ததெண்டு இன்னொண்டைப் புதைக்கிறதுக்கு எனக்குச் சக்தி இல்லை."

சோறு வெந்ததும் சனம் வந்து வரிசையில் நின்றது. பசி அப்படித்தான். வழக்கம்போல முன்னால் திடமான ஆண்கள். அக்கா அகப்பையைப் பானைக்குள் விட்டார். பிறகு வெளியே எடுத்து, வரிசையை நுனியிலிருந்து அடிவரை ஒருமுறை பார்த்தார். தெருப்பக்கத்துக் கடைசியில், வெடித்த குழிக்குப் பக்கத்தில் நின்றவர்கள் யார்? வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி. கண் தெரியாத கிழவர். கால் ஒன்றில்லாதவரும் அவரைத் தாங்கிப் பிடித்த மகளும். மத்தியானம் செத்தவர்களும் அப்படிப்பட்டவர்கள்தான். ஓடிவந்து இடம் பிடிக்க முடியாதவர்களும் யாருக்காவது பயந்து ஒதுங்கியவர்களும்.

"தம்பி, அந்தப் பக்கம் பிடி. பானையைத் தூக்கு," என்றார்.

"எங்கயக்கா?"

"வாலுக்கு. இனி வாலில இருந்து தொடங்குவம்."

முறிந்த தோள் சரியாகப் பொருந்தாத மனிசி ஒரு பக்கம், நான் மறு பக்கம். கொதிக்கும் பானையைத் தூக்கிக்கொண்டு வரிசை முழுவதையும் கடந்து போனோம். முன்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். ஒருவர் வழியை மறித்தார். "விலத்து," என்றார் அக்கா. "உனக்குக் காலிருக்கு, முழங்கையிருக்கு. நீ எப்பிடியும் திண்டுடுவாய்."

பின்னர் போன ஒவ்வொரு முகாமிலும் அவர் கையில் அகப்பை இருந்தவரை சோறு வாலிலிருந்துதான் போனது. ஏன் என்று புதியவர்கள் கேட்டால் விளக்கம் சொல்லமாட்டார். என்னிடம் மட்டும், ஊர் திரும்பிப் பல காலத்துக்குப் பிறகு, அரிப்புக் கரையில் கருவாடு புரட்டிக்கொண்டு இருந்தபோது, கேட்காமலே சொன்னார்: "நான்தான் அவளைக் கடைசியில நிக்கச் சொன்னனான்." நான் ஏதோ ஆறுதலாகச் சொல்ல வாயெடுத்தேன். "ஒண்டும் சொல்லாத," என்றார். மீன்களைப் புரட்டி முடித்தார்.

ஜெனிற்றாவை அவர் அடிக்காமல் வளர்த்தார். அதட்டி வளர்த்தார், அது வேறு. இன்று அவள் தாதியாக வேலை செய்கிறாள்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது ஒன்றுதான். போன மாரியில் வெள்ளம் வந்து, தாழ்ந்த பகுதிச் சனத்தைப் பள்ளிக்கூடமொன்றில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். நாங்கள் சிலர் சாப்பாட்டுப் பார்சல் கொண்டுபோனோம். வரிசை வாசலுக்கு வெளியே மழைக்குள் நீண்டிருந்தது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நின்றவர்களைக் கடந்து நடந்தேன். ஏச்சு விழுந்தது. ஒருவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். வெளியே கடைசியாக ஒரு பெண் நின்றாள், தலையில் பிளாஸ்ரிக் உறையைக் கவிழ்த்துக்கொண்டு, கையில் பிள்ளையோடு. பார்சலை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற சனத்தைப் பயத்தோடு பார்த்தாள்.

"ஐயா, நான் இப்பதானே வந்தனான்," என்றாள்.

"ஓம் பிள்ளை," என்றேன். "பிடியுங்கோ."