தொலைந்தது என்று ஒரு கையெழுத்து

அந்தக் காரை வாங்கியபோது எனக்கு இருபத்திரண்டு வயது. 2013 கோடை, சுவிஸில் பொறியியல் படிப்பின் கடைசி வருடம். பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று அறையைச் சாத்திக்கொண்டு பழைய கார்களின் விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். அம்மா கோயிலில் யாருடனோ கதைத்துவிட்டு வந்து, காலணியைக் கழற்ற முன்னமே சொன்னார்.

“உனக்கொரு மாப்பிள்ளை பாத்திருக்கிறன். ஷ்லீரனில, நிலக்கீழ்க் கராஜில. ரெண்டு வருசமாப் படுத்தபடுக்கையாம். நம்பர் தகடு இல்லாமல் நிக்கிறதால எடுக்கச் சொல்லி வீட்டு நிர்வாகம் கடிதம் போட்டிருக்காம்.”

“என்ன மொடல் அம்மா?”

“மாப்பிள்ளையின்ர சாதகத்தையே கேட்டனான்? போய்ப் பார்.”

போய்ப் பார்த்தேன். என்னைவிட ஐந்து வயது மூத்த ஜப்பான் கார். இரண்டு கதவு, பெட்டி போன்ற மூக்கு, பொத்தானை அழுத்தினால் இமை திறந்து எழும்புகிற முன்விளக்குகள், பின்சக்கரங்களால் ஓடும் ரகம். தூசிக்குக் கீழே சிவப்பு நிறம். சில்லுகளில் காற்று இறங்கி, முழங்காலில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. பக்கத்தில் கார்த் திறப்புடன் நின்ற அங்கிள் ஒரு உணவகச் சமையலறையில் வேலை செய்பவர். வேலை உடுப்போடேயே இறங்கி வந்திருந்தார்.

“என்ர மகன்ர வண்டி,” என்றார். “அவர் இப்ப இல்லை. ரெண்டு வருசம்.”

“ஐயோ அங்கிள்,” என்றேன். அரை நிமிடம் கூட ஆகியிருக்காது, டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேட்டேன். அந்த வயதில் என் வேகம் அப்படித்தான். துக்கத்தில் நிற்பவரிடம் இன்னும் ஒரு நிமிடம் சும்மா நிற்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சுவிஸில் ஒரு காருக்கு உயிர் அதன் சாம்பல் நிறத் தாளில் இருக்கிறது. எங்கள் ஆட்கள் அதை அவுஸ்வைஸ் என்பார்கள். வைத்திருப்பவரின் பெயரும் பிறந்த நாளும் விலாசமும் அதில் இருக்கும். கார் ஓட்டத்திலிருந்து எடுக்கப்பட்டால் அந்தத் தாளில் ‘செல்லாது’ என்ற முத்திரை விழும். முத்திரை விழுந்த தாளும் காரும் சேர்ந்தே கைமாறும். நான் அவுஸ்வைஸைக் கேட்டபோது அங்கிள் கராஜின் கதவைப் பார்த்தார்.

“தகட்டை மட்டும்தான் கந்தோரில குடுத்தனாங்கள். தாள் வீட்டில எங்கையோ கிடக்கும். தேடிப்போட்டு ரெலிபோன் எடுக்கிறன், பிள்ளை.”

தாள் இல்லாத காரை வாங்காதே என்று எத்தனை பேருக்கு நானே புத்தி சொல்லியிருக்கிறேன்! அன்று மாலையே இழுவை வண்டி பிடித்துக் காரை ஏற்றினேன். மூன்று நண்பர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்த ஒரு பழைய தொழிற்சாலைக் கூடம் எங்களிடம் இருந்தது. அங்கே பெற்றோல் தாங்கியைக் கழுவினேன். இறுகிப்போன பிரேக்குகளைக் கழற்றிப் புதுப்பித்தேன். ஓட்டை விழுந்த புகைக்குழாயை எறிந்துவிட்டு, வாகனப் பரிசோதனையில் சத்தம் என்று திருப்பி அனுப்பாதபடி நல்ல அமைதியான ஒன்றைப் பூட்டினேன். கைகளில் கிரீஸ் போகவே இல்லை. அம்மா எனக்குத் தனிச் சோப் வைத்தார்.

அங்கிளின் அழைப்பு வரவில்லை. ஒரு மாதம் பொறுத்துவிட்டு நான் வாகனப் பதிவு அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒன்றில் மூலத்தாளைக் கொண்டுவர வேண்டும். அல்லது கடைசியாக வைத்திருந்தவர், அவர் இறந்திருந்தால் அவருடைய வாரிசுகள், தாள் தொலைந்துவிட்டது என்று கையெழுத்திட வேண்டும் என்றார்கள். படிவத்தை இணையத்திலிருந்து இறக்கி எடுத்தேன். ஒரே ஒரு பக்கம். இரண்டு கையெழுத்து, தாயும் தகப்பனும். ஐந்து நிமிட வேலை என்று நினைத்துக்கொண்டு ரயில் ஏறினேன்.

அவர்கள் வீடு மூன்றாம் மாடி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அங்கிள் தேநீர் போட உள்ளே போனார். அவர் மனைவி, அன்ரி, எனக்கு எதிரே சோபாவின் நுனியில் இருந்தார். முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, என் நகங்களில் இருந்த கறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் தேநீர் வரும்வரை கூடப் பொறுக்கவில்லை. படிவத்தை மேசையில் விரித்து, பேனையையும் வைத்தேன்.

“ஒரு சின்ன விசயம்தான் அன்ரி. துலைஞ்சு போச்சு எண்டு இதில ஒரு கையெழுத்து வைச்சால் சரி.”

“என்ன போச்சு?”

காது கேட்கவில்லையாக்கும் என்று நினைத்தேன். இன்னும் சத்தமாக, பள்ளியில் ஒப்புவிப்பது போலச் சொன்னேன். “துலைஞ்சு போச்சு எண்டு, அன்ரி. துலைஞ்சு போச்சு.”

அவர் எழும்பினார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். பூட்டு விழுகிற சத்தம் கேட்டது. அங்கிள் மூன்று கோப்பைகளுடன் சமையலறை வாசலில் நின்றார்.

என் தமிழ் வீட்டில் கேட்டதும் சனிக்கிழமைப் பள்ளியில் படித்ததும்தான். திறப்பு, குடை, ஒற்றைக் காலுறை, எது காணாமல் போனாலும் அம்மா ‘துலைஞ்சு போச்சு’ என்பார். படிவத்தின் ஜெர்மன் சொல்லுக்கு அது நேராகப் பொருந்தியது. அதே சொல்லைக் கோபத்தில் மனிதரைப் பார்த்தும் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. எத்தனையோ தரம் எனக்கே விழுந்திருக்கிறது.

அங்கிள் என்னோடு படி இறங்கி வந்தார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றார்.

“அண்டைக்குத் திரிம்பாக்குக் கோயிலில தேர், பிள்ளை. இவவைக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு மகன் சொல்லியிருந்தவர். விடிய எழும்பி, சிநேகிதரோட ஆத்தில நீந்தப் போறன் எண்டு நிக்கிறார். இவ சீலையும் உடுத்து, பூவும் வைச்சுக்கொண்டு நிண்டவ. ‘எங்கையாவது துலைஞ்சு போ’ எண்டு சொல்லிப்போட்டா. எல்லாத் தாயும் சொல்லுறதுதானே. அவர் சிரிச்சுக்கொண்டு ‘துலைஞ்சு போறன் அம்மா’ எண்டு போனவர்.”

“பிறகு அங்கிள்?”

“மூண்டு நாள் தேடினவங்கள். அந்த மூண்டு நாளும் பொலிஸ் வந்து கதைக்கேக்க ‘துலைஞ்சு போனவர்’ எண்டுதான் மொழிபெயர்ப்பாளர் சொன்னவர். நாலாம் நாள்தான் உடம்பு கிடைச்சது.” கோப்பை ஒன்று இன்னமும் அவர் கையில் இருந்தது. “தாள் துலையேல்லைப் பிள்ளை. அது அவவின்ர தலையணை உறைக்குள்ள இருக்கு. எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் எண்டு அவவுக்குத் தெரியாது.”

நான் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். “காணேல்லை எண்டு சொல்லியிருக்கலாமே,” என்றார். அவ்வளவுதான். அந்தச் சொல்லும் எனக்குத் தெரிந்ததுதான்.

காரை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். பொய் சொல்லவில்லை, இரண்டு நாள் அப்படித்தான் நினைத்தேன். மூன்றாம் நாள் கூடத்துக்குப் போய் கார்பரேட்டரைத் திறந்தேன். மூன்று கிழமையில் இயந்திரம் பிடித்தது. முதலில் இருமி, பிறகு ஒரு சீராக. சந்தோசத்தில் அந்தச் சத்தத்தைக் கைபேசியில் பதிந்தேன்.

மன்னிப்புக் கேட்கத்தான் மீண்டும் போனேன். இந்த முறை படிவம் கொண்டுபோகவில்லை. அன்ரி கதவைத் திறந்துவிட்டு, கைப்பிடியை விடாமல் நின்றார்.

“நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது அன்ரி.”

“நீ பாவம். உனக்கென்ன தெரியும்.” பிறகு, “வண்டி ஸ்ராட் ஆகுதோ?” என்றார்.

கைபேசியை நீட்டினேன். அதைக் காதுக்குப் பக்கத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். பிறகு தலையை ஆட்டினார்.

“இது அவன்ர வண்டி இல்லை.”

“அதேதான் அன்ரி.”

“இல்லை. அவன்ர கத்தும். நாலாம் மாடிக் கிழவி பொலிசுக்கு அடிப்பன் எண்டு வெருட்டினவ. வாற சத்தத்தை வைச்சு நான் புட்டை அடுப்பில ஏத்துவன், அவன் மேல வர அவியும்.”

“புகைக்குழாய் மாத்தினனான் அன்ரி. சத்தமெண்டால் பரிசோதனையில விடமாட்டாங்கள்.”

“நான் எத்தினை தரம் சொன்னனான், மாத்தடா எண்டு. கேட்டவனோ?” என்று சிரித்தார். அங்கிள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அந்தச் சிரிப்பை அவர் பார்த்து நிறைய நாளாகியிருக்க வேண்டும்.

அன்ரி அறைக்குள் போய்த் தாளைக் கொண்டுவந்தார். தலையணைச் சூட்டில் ஓரம் சுருண்டிருந்தது. அவருடைய மகனின் பெயர், தகப்பன் பெயரோடு. என்னைவிட மூன்று வயது மூத்தவர்.

“மற்றதெல்லாத்தையும் கேட்டு வாங்கினவங்கள், பிள்ளை. பாஸ்போட், அடையாள அட்டை, எல்லாத்திலையும் ஓட்டை போட்டு, முத்திரை குத்தித்தான் தந்தவங்கள். இதை மட்டும் ஒருத்தரும் கேக்கேல்லை. இதில அவன் இன்னும் இருக்கிறான்.” பெயரின் மேல் விரலை வைத்தார். “வண்டி ஓடட்டும். ஆனால் கடுதாசி எனக்கு வேணும். காட்டிப்போட்டுக் கொண்டு வா.”

“ஓம் அன்ரி. கட்டாயம் கொண்டு வாறன்.”

மூலத்தாள் வேண்டும் என்றுதான் அலுவலகத்தில் சொன்னார்கள். காட்ட வேண்டுமா, கொடுக்க வேண்டுமா என்று நான் கேட்டிருக்கவில்லை. கேட்காமலேயே ‘கட்டாயம்’ என்ற சொல் என் வாயிலிருந்து வந்துவிட்டது.

பரிசோதனையில் கார் ஒரே தரத்தில் தேறியது. பரிசோதகர் முன்விளக்குகளை மூன்று முறை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பாராட்டினார். அந்தக் குஷியோடேயே பதிவு முகப்புக்கு ஓடினேன். இலக்கம் எடுத்துக் காத்திருந்து, என் முறை வந்ததும் எல்லாத் தாளையும் ஒன்றாகத் தள்ளினேன். அங்கே இருந்த பெண் தன்மையானவர். என் பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தார். புதிய தகடுகள் இரண்டும் மேசையில் வந்து விழுந்தன. பிறகு அவர் பழைய தாளை இழுத்து, முத்திரையைக் கையில் எடுத்தார்.

“அதை நான் திரும்பக் கொண்டுபோக வேண்டும்,” என்றேன்.

அது கோப்போடு இங்கேயே இருக்கும், திருப்பித் தருவதில்லை என்றார் அவர். என் முகத்தைப் பார்த்து, முத்திரையைக் கீழே வைத்தார். வேண்டுமானால் இப்போதே நிறுத்தலாம், தாளைக் கொண்டுபோங்கள், ஆனால் கார் பதிவாகாது, யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

யோசிக்க அவர் நேரம் தந்தார். நான்தான் எடுக்கவில்லை. பின்னால் ஆட்கள் இருந்தார்கள், தகடுகள் பளபளத்தன, கோடை முழுவதும் அந்தக் காருக்குக் கீழே கிடந்திருந்தேன். ‘ஓகே’ என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு நான் பிறகு நிறையக் காரணம் கண்டுபிடித்திருக்கிறேன். ஒன்றும் நிற்கவில்லை.

முத்திரை பெயரின் மேலேயே விழுந்தது. அதன்பிறகுதான் எனக்குப் பிரதி எடுக்கும் எண்ணம் வந்தது. அந்தப் பெண் எழும்பிப் போய் எடுத்துத் தந்தார். முத்திரையோடு.

அந்தப் பிரதியை ஒரு நல்ல உறைக்குள் வைத்து, புதிய தகடு பூட்டிய காரில் ஷ்லீரனுக்குப் போனேன். வழியெல்லாம் வசனம் அமைத்தேன். வாசலில் எல்லாம் மறந்துபோக, உறையை மட்டும் நீட்டினேன்.

அன்ரி பிரித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறும் வெள்ளை.

“இது கொப்பியெல்லோ?”

“ஓம் அன்ரி. மற்றதை அவங்கள் வைச்சிட்டாங்கள். தரமாட்டினமாம்.”

“இதென்ன, பெயருக்கு மேல?”

செல்லாது என்று தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்கு நான் சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அந்தச் சொல்லை அவர் பாஸ்போட்டில் பார்த்திருக்கிறார்.

“நீ முதல் கொண்டுவந்தியே, அந்தக் கடுதாசி,” என்றார், மெல்ல, கணக்கொன்றைச் சரிபார்ப்பது போல. “துலைஞ்சு போச்சு எண்டு நான் அதில கையெழுத்து வைச்சிருந்தால், இது என்னட்டையே இருந்திருக்கும். என்ன?”

ஆம் என்பதுதான் பதில்.

“ஒரு சொல்லு. அதைச் சொல்லாமல் விடவேண்டிய அண்டைக்குச் சொன்னன். சொல்லியிருக்க வேண்டிய அண்டைக்கு என்னாலை ஏலாமல் போச்சு.”

பிரதியை நாலாக மடித்து உறைக்குள் வைத்து, உறையை அங்கிளிடம் கொடுத்தார். தலையணைக்குக் கொண்டுபோகவில்லை.

“போட்டு வாறன் அன்ரி,” என்றேன்.

வழக்கமாக இதற்குப் ‘போட்டு வா’ என்று பதில் வரும். எந்தத் தமிழ் வீட்டிலும் வரும். நான் இரண்டு படி இறங்கி நின்று பார்த்தேன். கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. கீழே போய்க் காரில் ஏறினேன். கையுறைப் பெட்டியில் புதிய சாம்பல் தாள், என் பெயரோடு. முதல் ஓட்டத்துக்கு வந்த வருடம் அதில் இருக்கிறது. முன்பு வைத்திருந்தவருக்கு அதில் இடம் இல்லை.

இயந்திரத்தை முடுக்கிவிட்டு, மேலே மூன்றாம் மாடிப் பல்கனியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். யாரும் வரவில்லை. நான் பூட்டிய குழாய் அவ்வளவு நல்லது. கார் அங்கே நின்றதும் போனதும் மேலே கேட்டிருக்காது.