மூன்றாம் மாடிக்கு ஏறிய தண்ணீர்

என் அம்மா லூசியம்மாள் போன மாதம் இறந்துபோனாள். பம்பாய் செம்பூரில் எங்கள் கட்டடத்தில் அவளைத் ‘தண்ணிக்கார அக்கா’ என்பார்கள். அந்தப் பெயர் வந்த கதை இது.

எங்கள் வீடு மூன்றாம் மாடி. மேலே தொட்டி கிடையாது. முனிசிபாலிட்டி தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம் வரும். குழாயில் இருக்கும் அழுத்தத்துக்கு எவ்வளவு உயரம் ஏறுமோ அவ்வளவுதான். எங்களுக்கு நூலாக ஒழுகும். அதுவும் துரு நிறத்தில்.

அப்பா அமிர்தநாதன் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். எண்பத்திரண்டாம் வருடம் பக்கவாதம் வந்து விழுந்தார். பேச்சு போயிற்று, வலது பக்கம் போயிற்று. எல்லாம் படுக்கையில்தான். அம்மா ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா. வேலைக்குக் கிளம்பும் முன் அவரைக் கழுவி, துணிகளை அலச வேண்டும். கீழ்வீட்டுக் குழாயில் பிடித்து இரண்டு கையிலும் வாளியோடு படியேறுவாள். ஒரு நாள் படியில் சறுக்கி முழங்கால் பிசகியது. அதன்பின் ஒரு கையில்தான் வாளி; இன்னொரு கை சுவரில். அப்பாவின் முதுகில் புண் தொடங்கியது. தினமும் கழுவிச் சுத்தமாக வைக்காவிட்டால் எலும்பு வரைக்கும் போகும் என்றார் டாக்டர்.

கல்யாண் ஊரிலிருந்து சித்தப்பா ஜோசப்ராஜ் வந்தார். புண்ணைப் பார்த்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பி நின்றார்.

“மைனி, எங்க வீட்ல கிணறு இருக்கு. அண்ணன நான் கொண்டு போறேன். இங்க வச்சு நாறடிச்சே கொன்னுருவீக.”

“நான் எங்க போவேன் தம்பி?”

“நீங்க வேலைக்குப் போங்க. ஞாயித்துக்கிழம வந்து பாத்துக்கிடுங்க.”

“அவருக்கு வாய் இல்ல. முதுகு அரிச்சா எப்பிடிப் பாப்பாரு, பசிச்சா எப்பிடிப் பாப்பாருன்னு எனக்குத்தான் தெரியும். ஒம் பொண்டாட்டிக்குத் தெரியுமா?”

“மழைக்கு முன்னால ஒங்க வீட்டுக்குத் தண்ணி ஏறணும். ஏறலன்னா வண்டியோட வருவேன்.”

அவர் போனதும் அம்மா வீடு வீடாக இறங்கினாள். துருப்பிடித்த குழாயை எடுத்துவிட்டுப் புதுக்குழாய் போட வேண்டும். கட்டடக்காரர் கைவிரித்துவிட்டார். குடியிருப்பவர்களே போட்டால்தான் உண்டு. முதல் மாடி பாகீரதி கேட்டாள்: “லூசியக்கா, தண்ணி ஒனக்கு வேணும், காசு எனக்கா?”

“ஒன் வீட்டுச் சோறு மஞ்சளா இருக்கே, மஞ்சப்பொடி போட்டா வடிக்க? துருதான். ஒம் பிள்ளைகளும் அதத்தான் திங்குது.”

கடைசியில் எல்லாரும் சம்மதித்தார்கள். புதுக்குழாய் வெள்ளை வெளேரென்று சுவரில் ஏறியது. பிளம்பர் வந்த கையோடு கீழே ஒவ்வொரு வீட்டுக்காரரும் தம் இணைப்பை அரை அங்குலத்திலிருந்து முக்கால் அங்குலமாக மாற்றிக்கொண்டார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. குழாய் பெரிதானால் தண்ணீரும் கூடும் என்று நினைத்தார்கள். அகலக் குழாய் தண்ணீரை உண்டாக்குவதில்லை. முந்தி எடுக்கிறது.

முதல் நாள் காலையில் எங்கள் குழாயில் காற்று மட்டும் சீறியது. கீழே ஒரே கும்மாளம். அம்மா குழாயின் அடியில் உள்ளங்கையை நீட்டியபடி அந்த மணி நேரம் முழுவதும் நின்றாள். பிறகு மோரியில், குளிக்கவும் கழுவவும் இருக்கும் அந்த மூலையின் ஈரமில்லாத தரையில், உட்கார்ந்துவிட்டாள்.

“பழசாவது நூல் விட்டுச்சு. நானே கெஞ்சிக் கெடுத்துட்டேன்ல.”

எனக்குக் கடைசல் வேலை தெரியும். நான் வேலை பார்க்கும் விக்ரோலி தொழிற்சாலையில் கழிவுப் பித்தளை கேட்டு வாங்கி, நடுவில் சின்னத் துளையோடு வில்லைகள் கடைந்தேன். குழாயின் இணைப்பில் ஒரு வில்லை வைத்தால் அந்த வீட்டுக்குள் ஓட்டம் குறையும், அழுத்தம் மேலே மிஞ்சும். அம்மா அவற்றை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். கீழ்வீட்டுக் கரீம் பாட்சா, பைகள் தைத்துக் கடைகளுக்குப் போடுகிறவர், வில்லையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“என்ன லூசிம்மா, என் குழாய்க்கு மூக்குத்தி போட வந்தீங்களா?”

“போட்டு விடுங்க பாய். அழகாத்தான் இருக்கும்.”

எல்லா வீட்டிலும் மாட்டினேன். தண்ணீர் ஏறியது. அம்மா அப்பாவுக்குத் தலைக்கு ஊற்றினாள். அந்த வாரம் முடியுமுன் குழாய் மறுபடி சீறியது. கரீம் பாட்சா வீட்டு ஜன்னலில் வில்லை தனியாகக் கிடந்தது.

“நான் க்யா கரூன், என்ன செய்யறது லூசிம்மா? ட்ரம் பாதியிலயே நிக்குது, தண்ணி போயிடுது. எனக்கும் பிள்ளைங்க இருக்குல்ல.”

ஒவ்வொருவராகக் கழற்றிவிட்டார்கள். கட்டடத்துக்கு மேலே மேகம் கூடத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சித்தப்பா சொல்லியனுப்பினார்.

வெள்ளிக்கிழமை காலை, தண்ணீர் வருமுன் அம்மா மறுபடி கெஞ்சுவதற்குக் கீழே போனாள். ஒற்றை வாளியோடு நானும் பின்னால் போனேன். பாகீரதி பாதி நிறைந்த ட்ரம்மைச் சாய்த்து மோரியில் கொட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் கட்டடத்தில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். புதுத்தண்ணீர் வருகிற நேரத்தில் நேற்றைய தண்ணீரைக் கொட்டி, கழுவி, அடியிலிருந்து நிரப்புவார்கள். தண்ணீர் நன்றாக வந்த நாட்களில் அம்மாவும் அப்படித்தான் செய்திருக்கிறாள். மழையில்லாத காலத்திலும் சாக்கடைக் குழாய் காலையில் இரைவது அதனால்தான்.

அம்மா டம்ளரை எடுத்து, சாயும் ட்ரம்மில் முக்கி, மடமடவென்று குடித்தாள்.

“ஐயய்யோ, அது நேத்துப் புடிச்ச தண்ணிக்கா!”

“நேத்து இதுலதான சோறு பொங்குன? ராத்திரியோட விசமாயிட்டா?”

“அதுக்கில்ல… புதுசு வரும்போது பழச யாராவது வைப்பாங்களா?”

“ஒம் புருசன்கூடப் பழசுதான். கொட்டிருவியா?”

பாகீரதி சிரித்துவிட்டாள். அம்மா சிரிக்கவில்லை. “இதக் கொட்டாம இருந்தா மிச்சம் பாதி நெறஞ்சாப் போதும். வில்லையோடயே நெறஞ்சிரும். அதுக்கு மேல வாறது எங்க வீட்டுக்கு ஏறும். ஞாயித்துக்கிழம எங்க வீட்டு ஆள வண்டில ஏத்தப் போறாங்க, பாகீரதி. கொட்டாத தாயி.”

பாகீரதி ட்ரம்மை நிமிர்த்தினாள்.

அன்று அம்மா ஒவ்வொரு வீட்டிலும் நேற்றைய தண்ணீரை ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தாள். வேலைக்குப் போக முடியவில்லை. வயிறு உப்பி, சுவரில் சாய்ந்து கிடந்தாள். கடைசியாகக் கரீம் பாட்சாவே மேலே ஏறி வந்தார். “தொழுகைக்கு ஒளு செய்யறதுக்கு மட்டும் புதுசு, பாக்கிக்குப் பழசு. போதுமா லூசிம்மா? இனிமே யார் வீட்லயும் குடிக்காதீங்க, ஆஸ்பத்திரிக்குத் தூக்க என்னால முடியாது.”

சனிக்கிழமை எல்லா வில்லைகளையும் திரும்ப மாட்டினேன். அன்று கால்வாளிதான் வந்தது. காரணம் தேடி ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தேன். இரண்டு வீடுகள் வழக்கம்போல் கொட்டிவிட்டு, வில்லையைக் கழற்றித் தண்ணீர் பிடித்திருந்தன. அம்மா அவர்களைத் திட்டவில்லை. அவர்கள் வாசலில் போய் நின்றாள், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா டெம்போவோடு வந்தார். தண்ணீர் நேரம். அம்மா குழாயைத் திறந்தாள். காற்று சீறியது. நெடுநேரம் சீறியது. சித்தப்பா அப்பாவின் துணிகளை மடித்துப் பையில் வைக்கத் தொடங்கிவிட்டார். பிறகு குழாய் இருமியது. விரல் கனத்துக்குத் தண்ணீர் விழுந்தது, நிற்காமல். அம்மா வாளியை நிரப்பி, அப்பாவை ஒருக்களித்துச் சாய்த்தாள். தனியாக அவளால் பிடிக்க முடியவில்லை. சித்தப்பா பையை வைத்துவிட்டு வந்து தோளைப் பிடித்தார். அவள் முதுகைக் கழுவித் துடைத்து முடிக்கும்வரை பிடித்துக்கொண்டே இருந்தார்.

“டெம்போவ அனுப்பிட்டு வாரேன் மைனி,” என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அம்மா அதே போராட்டத்தைத்தான் நடத்தினாள். புதிதாக யார் குடிவந்தாலும் முந்தானையில் ஒரு வில்லையோடு போவாள். சிலர் சிரித்தார்கள், சிலர் கதவைச் சாத்தினார்கள். தண்ணீர் சில நாள் ஏறும், சில நாள் ஏறாது. அப்பாவின் புண் ஆறும், திறக்கும். அவரை அவள் விடவில்லை.

போன மாதம் வேலையில் இருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். வீட்டுக்கு உடலாகத்தான் வந்தாள்.

அடக்கத்தன்று காலை, பழக்கத்தில் குழாயைத் திறந்தேன். தண்ணீர் வாளியின் அடியில் மோதி என் முகத்தில் தெறித்தது. மூன்றாம் மாடியில் அந்த அழுத்தம் வர ஒரே வழிதான் உண்டு. கீழே எல்லாக் குழாய்களும் மூடியிருக்க வேண்டும். படிக்கட்டில் எட்டிப் பார்த்தேன். எந்த வீட்டிலும் வாளிச் சத்தம் இல்லை. அந்த மணி நேரம் முழுவதும் யாரும் திறக்கவில்லை. பெண்கள் அம்மாவைக் குளிப்பாட்டினார்கள். நான் அப்பாவைக் குளிப்பாட்டினேன். அவர் கண்ணை என் மேல் வைக்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பழையபடி விரல் கனம். சித்தப்பா “அண்ணன…” என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. திங்கட்கிழமையோடு என் விடுப்பு முடிகிறது. அம்மாவும் நானும் மாறி மாறி வேலைக்குப் போய் வந்தோம்; இனி நான் விக்ரோலிக்குப் போனால் அவரைப் புரட்டிப் படுக்கவைக்க ஆளில்லை. தண்ணீர் மட்டும் ஏறுகிறது.